யாருக்கும் தேவைப்படாத சட்டம்

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளலாம் என்று சட்டம் போட மாரட் தீவின் ஊர்க்கூட்டம் எடுத்துக்கொண்ட நேரம் பதினோரு நிமிடம். அதே கூட்டத்தில், யார் ஆடு யார் தோட்டத்தில் மேய்ந்தது என்று பேசி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாற்பத்தேழு பேர் வாழும் தீவில் எல்லாரிடமும் ஆடு இருந்தது. கல்யாணச் சட்டம் மட்டும் யாருக்கும் தேவையில்லை என்று மேயர் தர்ஸ்டன் நினைத்தார்.

"மேலிடத்துல இருந்து காகிதம் வந்திருக்கு," என்று சதுக்கத்தின் நடுவில் நின்று அவர் சொன்னார். மேலிடம் என்றால் பன்னிரண்டு நாள் கப்பல் பயணத் தூரத்தில் இருக்கும் தலைநகர். தீவை ஆள்வதும் அதுதான், கப்பல் விடுவதும் அதுதான், நினைத்தால் நிறுத்துவதும் அதுதான். "இதைப் போட்டா அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். படகுத்துறை கேட்டிருக்கோம்ல, அந்த ஃபைலும் அவங்க மேசையிலதான் கிடக்கு. புரியுதா?"

துடுப்புக்காரன் ஜெத்ரோ கையைத் தூக்கினான். "ஆளே இல்லாத ஊருக்கு எதுக்குண்ணே சட்டம்?"

"பனியே பெய்யாத ஊர்ல கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பஞ்சு ஒட்டறோம்ல, அந்த மாதிரிதான். நம்மகிட்ட அப்படிப்பட்டவங்க யாரும் இல்ல. அதனால நமக்கு ஒரு நஷ்டமும் இல்ல. கை தூக்குங்க, நேரமாகுது."

எல்லாரும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். மேயரின் சொந்தத் தங்கை டெமரிஸும் தூக்கினாள்.

டெமரிஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. தீவின் பொதுப் படகுக்குச் சுக்கான் பிடிப்பவள். பத்துத் துடுப்பு போடும் அந்த நீளப் படகு இல்லாமல் கப்பலிலிருந்து ஒரு மூட்டை மாவுகூடக் கரைக்கு வராது. அலை எப்போது எழும், எப்போது இடைவெளி விடும் என்று பார்த்து, பாறைக்கும் பாறைக்கும் நடுவே படகைச் செலுத்தும் வேலையை இருபத்தாறு வருடமாகச் செய்கிறாள். படகில் அவள் சொன்னால் சொன்னதுதான். மேயரே ஆனாலும் அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். கரையில் மட்டும் அவள் பல விஷயங்களில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மெரேயா ஃபிஜியிலிருந்து நர்ஸாக வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த புதிதில் நர்ஸ் குடியிருப்பின் கூரை ஒழுகியது. அதைச் சரிசெய்யும்வரை டெமரிஸின் வீட்டில் தங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். மூன்றாவது மாதமே கூரை சரியாகிவிட்டது. அதற்கப்புறமும் மெரேயா திரும்பிப் போகவில்லை, ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. அந்த வீட்டுக்கு ஈரப்பலாக் காய் கொடுத்தனுப்பினால் இருவருக்கும் சேர்த்துத்தான் கொடுத்தனுப்புவார்கள். ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவளிடம்தான் விசாரிப்பார்கள். எல்லாம் தெரியும். தெரியும் என்பதை மட்டும் யாரும் வாயால் சொல்லிவிடக் கூடாது. இவ்வளவு சிறிய இடத்தில் சேர்ந்து வாழ அதுதான் அவர்கள் கண்டுபிடித்த வழி. டெமரிஸும் அதை நல்ல வழி என்றே நம்பியிருந்தாள்.

அன்று சாயங்காலம் மெரேயா சேம்பங்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"நீயும் கை தூக்கினியே."

"சட்டத்துக்குத்தான்டி தூக்கினேன்."

"யாரும் இல்லன்னு உங்கண்ணன் சொன்னாரே, அதுக்கும் சேர்த்துத்தான் உன் கையை எண்ணினாரு. நான் அப்ப எங்க இருந்தேன் தெரியுமா? உனக்குப் பின்னாடி நாலடி தள்ளி, அவரோட பேத்திக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

டெமரிஸுக்கு வெட்கமாக இருந்தது. பத்து ஆள் உயர அலைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிறவள், அண்ணன் சொன்ன ஒரு நகைச்சுவைக்குக் குனிந்துவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து ஆகஸ்டில் தபால் வந்தது. மெரேயாவின் பணி ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அக்டோபர் கப்பலில் புது நர்ஸ் வருகிறார். அதே கப்பலில் மெரேயா புறப்பட வேண்டும். வெளியார் யாரும் வேலை முடிந்த பின் மாரட் தீவில் ஒரு நாள்கூடத் தங்க முடியாது. தீவுக்காரரின் கணவனோ மனைவியோ ஆக இருந்தால் மட்டும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

மெரேயா கடிதத்தை இரண்டு முறை படித்து மடித்து வைத்தாள். "போறதுன்னா போறேன். ஆனா 'நர்ஸ் போறா'ன்னு கை காட்டி அனுப்ப நீ அந்தப் படகுல நிக்காதே. அதை மட்டும் என்னால பார்க்க முடியாது."

"என்னாலயும் முடியாது," என்றாள் டெமரிஸ். "அண்ணன் சட்டம் போட்டிருக்காருல்ல? பஞ்சு ஒட்டின சட்டம். அதை எடுத்துக்குவோம்."

மாரட் தீவில் கல்யாணம் செய்ய நினைப்பவர்கள் சதுக்கத்தின் பலகையில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அது ஏழு நாள் இருக்கும். ஆட்சேபம் உள்ளவர் அதன் கீழேயே தன் பெயரைத் தன் கையால் எழுத வேண்டும். அக்டோபர் பிறந்ததும் டெமரிஸ் ஒட்டினாள். தன் பெயர், மெரேயாவின் பெயர், கல்யாணத் தேதி. முதல் நாள் நாற்பது பேராவது வந்து படித்துவிட்டுப் போனார்கள். பலகையின் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கிய பென்சிலை யாரும் தொடவில்லை. மனதில் ஆட்சேபம் எத்தனை பேருக்கு இருந்ததோ தெரியாது. நாளைக்கே காய்ச்சல் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் தர்ஸ்டன் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை.

"என்ன வேலை பண்ணி வச்சிருக்க டெமா? கிழிச்சுப் போடு அதை."

"கிழிக்கணும்னா நீங்களே கிழிங்கண்ணே. இல்ல, ஆட்சேபம்னு பேரை எழுதுங்க. பென்சில் அங்கயே தொங்குது."

"நான் எழுதினா மேயரே எதிர்க்கிறார்னு மேலிடத்துக்குப் போயிரும். மேலிடத்துக் கமிஷனர் இந்தக் கப்பல்ல வர்றாரு, தெரியும்ல? படகுத்துறை அறிவிக்கத்தான் வர்றாரு." அவர் குரலைத் தணித்தார். "நான் கல்லு நெஞ்சுக்காரன் இல்ல. உங்க ரெண்டு பேரைப் பத்தி எனக்குத் தெரியாதா? என்னிக்காவது ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?"

"கேட்டதே இல்ல. அதான் எனக்குக் கோபம்."

"சர்ச் டீக்கன் என்கிட்ட வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருக்காரு. கமிஷனர் முன்னாடி அவர் எழுந்து நின்னு வேதத்தை எடுத்து வாசிச்சாருன்னா என்ன ஆகும்? ஊரே ரெண்டா நிக்குதுன்னு எழுதிக்கிட்டுப் போவாங்க. துறை போச்சு. அந்தச் சட்டம் நமக்காகப் போட்டதில்லம்மா. காட்டறதுக்குப் போட்டது. கப்பல் போகட்டும். மெரேயா இப்ப கிளம்பட்டும். அடுத்த வருஷம் விருந்தாளியா ரெண்டு மாசம் வந்துட்டுப் போகட்டும், நானே கையெழுத்துப் போடறேன்."

அடுப்படியிலிருந்து மெரேயாவின் குரல் வந்தது. "விருந்தாளிக்கு டீ வேணுமான்னு கேளு டெமா. வேணாம்னா கதவைச் சாத்து."

தர்ஸ்டன் போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை என்பது ஏழு நாள் கெடு முடிந்த மறுநாள்தான் தெரிந்தது. அன்று காலையில் தீவின் பதிவாளர் பெர்னிஸ் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று செய்தி வந்தது. தபால், முத்திரை, பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அந்தத் தீவில் பெர்னிஸ் ஒருவர்தான் கையெழுத்துப் போடுவார். அவர் படுத்துவிட்டால் கல்யாணம் இல்லை. மறுநாள் கப்பல், குறித்திருந்த கல்யாணமும் அன்றுதான்.

ஆனால் மேயர் ஒன்றை மறந்துவிட்டார். கப்பல் வரும் நாளில் நடக்க முடிந்த அத்தனை பேரும் இறங்குமிடத்தில் வேலைக்கு நிற்க வேண்டும், நிற்காதவருக்குக் கப்பல் சாமானில் பங்கு கிடையாது என்பது தீவின் பழைய கட்டளை. உடம்பு சரியில்லை என்றால் நர்ஸிடம் சீட்டு வாங்க வேண்டும். ஒன்றரை மாதத்துக்குத் தேவையான சர்க்கரையையும் மண்ணெண்ணெயையும் விட்டுக்கொடுக்கப் பெர்னிஸ் தயாராக இல்லை. சீட்டு எழுத வேண்டிய நர்ஸோ நாளைய கல்யாணப் பெண்.

பெர்னிஸ் வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். மெரேயா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டெமரிஸ் கூடவே போய் வாசலில் நின்றுகொண்டாள்.

பெர்னிஸ் கழுத்துவரை போர்த்திக் கிடந்தார். "இடுப்பு விட்டுப் போச்சு மெரேயா. அசைய முடியல."

மெரேயா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாடி பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள், போர்வையை விலக்கிவிட்டுக் காலருகே உட்கார்ந்தாள். "இங்க வலிக்குதா?"

"ஐயோ, உயிரு போகுது."

"இன்னும் தொடவே இல்லக்கா."

வாசலில் நின்ற டெமரிஸுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பெர்னிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி," என்றாள் மெரேயா. "சீட்டு எழுதறேன். பேனா இருக்கு, புத்தகம் இருக்கு. ஒன்பது வருஷத்துல நான் இந்தப் புத்தகத்துல ஒரு பொய் எழுதினதில்ல. முதல் பொய்யை உங்களுக்காக எழுதிட்டு, நாளைக்கு அந்தப் பொய்யாலயே நான் கப்பல் ஏறிப் போறேன். அப்புறம் ஒன்பது வருஷம் வாழ்ந்த வீட்டை இவ பூட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. எழுதணுமா? நீங்க வாயால சொல்லுங்க, எழுதறேன்."

பெர்னிஸ் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்கண்ணன் நேத்து மட்டும் ரெண்டு தடவை வந்தான் டெமா. உன்னாலதான் துறை போச்சுன்னு ஊரே என்னைப் பேசும்னான். இந்த வயசுல நான் யார்கிட்ட பேச்சு வாங்கறது?"

"துறை யாருக்கு வேணும்க்கா?" என்றாள் டெமரிஸ். அதுவரை அடக்கிவைத்திருந்தது வெடித்துவிட்டது. "அண்ணன் எப்பவாவது அந்தப் பாறைக்கு நடுவுல சுக்கான் பிடிச்சிருக்காரா? என் தோள்பட்டை ரெண்டு தடவை கழண்டிருக்கு. ரெண்டு தடவையும் இவதான் மாட்டிவிட்டா. இந்தத் தீவுலயே துறை அதிகமா வேணும்ங்கறவ நான்தான். ஆனா அதுக்கு விலையா இவளைக் கேட்டா தர மாட்டேன். இன்னும் இருபத்தாறு வருஷம் அலையிலயே இறக்கறேன், போங்க."

மெரேயா புத்தகத்தைத் திறந்து எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தாள். "பெர்னிஸ், வயது அறுபத்தெட்டு. பூரண நலம். நாளை வேலைக்குத் தகுதியானவர்."

"பாவிப் பொண்ணு," என்றார் பெர்னிஸ், போர்வைக்குள்ளிருந்து.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மணி ஐந்து முறை அடித்தது. கப்பல் தெரிந்துவிட்டது. டெமரிஸ் தன் நீல ரப்பர் மேலுடையை மாட்டிக்கொண்டு படகில் ஏறி நின்றாள். தென்கிழக்குக் காற்று பலமாக வீசியது. பத்துப் பேரும் துடுப்பைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் பின்னால் வரும் அலைகளை எண்ணினாள். நாலாவது போனதும், "இப்ப, இழுங்கடா," என்றாள். படகு வெளியே பாய்ந்தது.

கப்பலிலிருந்து கமிஷனர் ஹாலம் இறங்கினார். உயரமானவர், மரியாதையாகப் பேசுகிறவர், கழுத்தில் தொங்கிய பட்டையில் புதுத் தொப்பி. கூடவே காமிராவோடு ஒரு பெண் உதவியாளர். கடைசியாகப் புது நர்ஸ் இறங்கினார். நாற்பது வயது மனிதர், பன்னிரண்டு நாள் வாந்தியில் முகம் வெளுத்து, படகில் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். திரும்பும் வழியில் கமிஷனரும் உதவியாளரும் சுக்கானுக்கு அருகே குனிந்து பேசிக்கொண்டு வந்தார்கள். படகோட்டிக்குக் காது இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

"கப்பல் மானியத்தை வெட்டிட்டோம்னு எல்லாப் பத்திரிகையும் திட்டுது," என்றார் உதவியாளர். "தேர்தலுக்கு ஆறு வாரம்தான் இருக்கு. 'உலகத்தின் மிகச் சிறிய ஊரும் சம உரிமைச் சட்டம் இயற்றியது', கொடிக்குக் கீழ நீங்களும் மேயரும். அந்த ஒரு படம் போதும் சார்."

"சட்டத்தை யாராவது பயன்படுத்தியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்," என்றார் கமிஷனர். "என்ன பண்றது, இங்க அப்படி யாரும் இல்லையாமே."

டெமரிஸ் சுக்கானை இறுக்கிப் பிடித்தாள். படகில் இருக்கும்போது அவள் அலையைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. கரை சேரட்டும் என்று இருந்தாள்.

சதுக்கத்தில் மேசை போட்டிருந்தார்கள். சுட்ட மீன், ஈரப்பலா, பூசணி அப்பம் எல்லாம் இலை மூடி இருந்தது. மூட்டை தூக்கியவர்கள் வியர்வையோடு வந்து நின்றார்கள். முன்வரிசையில் டீக்கன் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கமிஷனர் பேசினார்.

"எங்கோ ஒரு மூலையில், இப்போது யாருக்கும் தேவைப்படாத நிலையிலும், நீதியின் பக்கம் நின்று இந்தச் சட்டத்தை இயற்றியிருக்கிறீர்கள். மேலிடம் இதை மறக்காது."

தர்ஸ்டன் கைதட்ட ஆரம்பித்தார். டெமரிஸ் எழுந்துகொள்ளப் போனாள். அவளுக்கு முன்பே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தேவைப்படுது சார்."

பெர்னிஸ்தான். கக்கத்தில் பெரிய பதிவேடு. இரண்டு கையாலும் அதைத் தூக்கி மீன் தட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு பேர் காத்திருக்காங்க. ஏழு நாள் அறிவிப்பு ஒட்டி, முந்தாநாளோட முடிஞ்சுது. ஆட்சேபம்னு ஒருத்தர் பேரும் இல்ல. நான் பதிவாளர். எனக்கு உடம்பு நல்லா இருக்கு, நர்ஸ் எழுதிக் கொடுத்திருக்கா." அவர் தர்ஸ்டனைத் திரும்பிப் பார்த்தார். "போன வருஷம் நிமோனியாவுல கிடந்தப்ப பதினாறு நாள் என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தவ அவ. அவளுக்கு ஒரு கையெழுத்துப் போட எனக்கு இடுப்பு வலிக்குதுன்னு சொல்லச் சொல்றாங்க. நான் மாட்டேன்."

டீக்கன் எழுந்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் போனார்கள். அதில் டெமரிஸின் சித்தி மகளும் ஒருத்தி. அது டெமரிஸுக்கு வலித்தது.

கமிஷனரின் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. "மேயர் அவர்களே, இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

தர்ஸ்டன் ஒரே ஒரு விநாடிதான் தடுமாறினார். "உங்க கண்ணு முன்னாடி நடக்கட்டும்னுதான் சார் வச்சிருந்தோம். என் சொந்தத் தங்கச்சி. நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

ஐந்து நிமிடத்தில் எல்லாம் மாறியது. உதவியாளர் மேசையை நகர்த்தச் சொன்னார். கொடியைக் கழற்றி வேறு கம்பத்தில் கட்டினார்கள். "நீங்க ரெண்டு பேரும் இங்க, கமிஷனர் நடுவுல, மேயர் இந்தப் பக்கம். அந்த ரப்பர் மேலுடை அப்படியே இருக்கட்டும், ரொம்ப இயல்பா இருக்கு." மெரேயாவின் தோளைப் பிடித்து அவர் இரண்டடி தள்ளி நிறுத்தினார். அந்தக் கையை மெரேயா எடுத்துவிட்டாள்.

"படம் வேண்டாம் சார்," என்றாள் டெமரிஸ்.

கமிஷனர் சிரித்தார். "கூச்சப்படாதீங்க. ஒரே ஒரு படம்."

"கூச்சம் இல்ல. வேண்டாம். கையெழுத்துப் போடறோம், அவ்வளவுதான். அந்த அம்மா காமிராவைப் பைக்குள்ள வச்சப்புறம் போடறோம்."

தர்ஸ்டன் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "துறை, டெமா, துறை. ஒரு நிமிஷம் பல்லைக் காட்டினா என்ன குறைஞ்சிரும்? நீ கேட்டதுதானே நடக்குது?"

"மார்ச்சுல நாங்க இல்லன்னு சொன்னா உங்களுக்கு லாபம் இருந்துச்சு, இல்லன்னீங்க. இன்னிக்கு நாங்க இருந்தா லாபம், தங்கச்சிங்கறீங்க. நான் உங்க தங்கச்சியா இருந்தது மார்ச்சுலயும்தாண்ணே." அவள் குரல் உடைந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. "சாட்சிக் கையெழுத்து நீங்க போட வேண்டாம்."

தர்ஸ்டனின் கை தானாகக் கீழே விழுந்தது. அவருக்கு உண்மையாகவே அடிபட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இரக்கமும் வந்தது. ஆனாலும் சொன்னதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கமிஷனரின் புன்னகை சுருங்கிவிட்டது. "அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்தச் சட்டத்தை உங்களுக்குக் கொடுத்ததே நாங்கதான். துறை விஷயத்தில் தலைநகரில் நான் என்ன சொல்லப் போறேன் என்பதும் இருக்கு."

"எங்களுக்குக் கொடுக்கல சார். நாங்க இல்லன்னு நினைச்சுக் கொடுத்தீங்க. நாங்க இருந்தோம், எடுத்துக்கிட்டோம். நன்றின்னு சொல்லணும்னா பெர்னிஸக்காவுக்குச் சொல்றேன். துறை கட்டறதும் கட்டாததும் உங்க இஷ்டம். ஆனா கப்பலுக்கு மானியத்தை வெட்டிட்டு, அதை மறைக்க எங்க மூஞ்சியைக் கேக்காதீங்க. படகுல நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. மானியத்தை வெட்டிய செய்தி தீவுக்கு அப்போதுதான் தெரிந்தது. "கப்பலைக் குறைக்கறாங்களா?" என்று யாரோ கேட்டார்கள். உதவியாளர் காமிராவைப் பைக்குள் வைத்து மூடினார்.

பெர்னிஸ் பதிவேட்டைத் திறந்து, பேனாவின் முனையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார். "டெமரிஸ், உனக்குச் சம்மதமா?"

"சம்மதம்."

"மெரேயா?"

"ஒன்பது வருஷமா சம்மதம். எழுதுங்க."

மெரேயா முதலில் கையெழுத்துப் போட்டாள், டெமரிஸ் அடுத்து. சாட்சிக்கு ஜெத்ரோ வந்தான். கையில் ஒட்டியிருந்த மாவைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு ஆளே இல்லன்னு கேட்டது நான்தான்க்கா. மடையன் நான்," என்று சொல்லிவிட்டுப் போட்டான்.

இரண்டாவது சாட்சி வேண்டும். பெர்னிஸ் தலை நிமிர்ந்து பார்த்தார். நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேசாமல் இருந்து இருந்து பழகிய ஊர். கூடவே இருப்பார்கள், சாப்பாடு கொடுப்பார்கள், பெயரை எழுது என்றால் கால் நகராது. தர்ஸ்டன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் போடலாமா?" மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த புது நர்ஸ் கேட்டார். "வந்து ஒரு மணி நேரம்தான் ஆகுது. பரவாயில்லையா?"

"வயசு பதினெட்டு ஆச்சுல்ல? வாங்க," என்றார் பெர்னிஸ்.

அவர் தள்ளாடி வந்து போட்டார். மற்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு. அப்புறம்தான் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். மெரேயா மேசையில் மூடியிருந்த இலையை எடுத்து, "சாப்பிடுங்க, ஆறிப் போகுது," என்றாள்.

மூன்று மணிக்குக் காற்று இன்னும் ஏறியது. கமிஷனரைக் கப்பலில் ஏற்றியாக வேண்டும். வழியனுப்ப மேயரும் படகில் வந்தார். பெரிய அலை ஒன்று படகின் மூக்கைத் தூக்கியபோது கமிஷனர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். டெமரிஸ் அவரைப் பார்க்கவில்லை, அலையைத்தான் பார்த்தாள். யாரை ஏற்றினாலும் அவள் படகை ஒரே மாதிரிதான் ஓட்டுவாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவர் தொப்பியில் படாமல் கொண்டுபோய்க் கப்பலின் பக்கத்தில் நிறுத்தினாள்.

உதவியாளர் ஏணியில் ஏறினார், கமிஷனரும் ஏறினார். ஏறி முடித்தவர் திரும்பி நின்று, "நல்லா ஓட்டறீங்க," என்று மட்டும் சொன்னார். துறையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. டெமரிஸும் கேட்கவில்லை.

அவருக்கு அருகே தளத்தின் விளிம்பில் ஒரு அதிகாரி அட்டையில் செருகிய காகிதத்தோடு குனிந்தார். கப்பல் ஏறவும் படகு தாழவுமாக இருந்தது. அவர் வாயில் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"இங்கேருந்து ஒரு பயணி இருக்கணுமே. மெரேயா. ரெண்டு பெட்டி. எங்க?"

"வரல," என்று டெமரிஸ் கத்தினாள்.

"பயணச்சீட்டு போட்டாச்சு. வரலன்னா காரணம் எழுதணும். உடம்பு சரியில்லையா?"

துடுப்புப் போட்டிருந்த பத்துப் பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகில் அவர்கள் உட்காரும் வாட்டமே அவளைப் பார்த்துத்தான். அவளுக்கு முன்னால் இரண்டடியில் அண்ணன். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு கமிஷனரும், வேடிக்கை பார்க்கும் மாலுமிகளும், முன்பின் தெரியாத நாலைந்து பயணிகளும். கடலில் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. சொல்வதென்றால் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொல்லியாக வேண்டும்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்று டெமரிஸ் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "அவ என் பொண்டாட்டி. வீட்டுல இருக்கா."

அதிகாரி ஒரு கணம் நின்றார். பிறகு அட்டையை முழங்காலில் வைத்து அப்படியே எழுதிக்கொண்டு, பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டார். தர்ஸ்டன் தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தார்; ஏதோ சொல்ல வாயெடுத்தார். படகில் பேசக் கூடாது என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். டெமரிஸ் பின்னால் வந்த அலைகளை எண்ணினாள்.

"இழுங்கடா," என்றாள். "வீட்டுக்குப் போகணும்."